இவான் ஷிஷ்கினின் ஊசியும் தூரிகையும்

ஓவியர் ஒருவருடைய பெயர் மக்களிடையே பரவுதல் வேறு. அவருடைய கலையின் இயல்பு விளங்குதல் வேறு. இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்றோர் சிலரே. பெயர் பரவிய அளவிற்கு இயல்பு விளங்கப்பெறாதவருள் ஒருவர் உருசிய நாட்டு இயற்கைக் காட்சி ஓவியராகிய இவான் இவானவிச் ஷிஷ்கின் (1832–1898). அவர் 1889ஆம் ஆண்டில் தீட்டிய ‘பைன் காட்டில் காலைப் பொழுது’ என்னும் ஓவியத்தை அறியாதார் அந்நாட்டில் அரியர். முறிந்து சாய்ந்த மரத்தின்மீது கரடிக் குட்டிகள் ஏறி விளையாடும் அக்காட்சி, ‘கோணற்கால் கரடி’ எனப் பெயரிய மிட்டாயின் உறைத்தாளிலும் அச்சிடப்பெற்றுச் சிறுவர்க்கும் பழக்கமாயிற்று. இவ்வாறு பெருகிய புகழே அவரைப் பற்றிய குறைக் கருத்து ஒன்றிற்கும் இடந்தந்தது. மரத்தை உள்ளவாறே எழுதியவர் என்றும், நிழற்படக் கருவியின் தொழிலைத் தூரிகையாற் செய்தவர் என்றும், வண்ணத்தின் நயத்தை முற்ற உணராதவர் என்றும் திறனாய்வாளர் சிலர் அவரை ஒதுக்குவாராயினர்.

இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சிக்கு அவருடைய வண்ண ஓவியங்களை மட்டும் நோக்குதல் போதாது. ஷிஷ்கின் செப்புத் தகட்டில் அமிலங்கொண்டு உருவம் பொறிக்கும் கலையில் தம் நாட்டில் தலைசிறந்து விளங்கியவர். ஏறத்தாழ நூறு தகடுகள் வரை பொறித்தவர். அவருடைய வரலாற்றை எழுதுவோர் இப்பணியைப் பிற்சேர்க்கையெனக் கருதி ஓரிரு வரிகளிற் கூறிச் செல்வது பெருவழக்கு. யாமோ, ஷிஷ்கினின் கலைக்குத் திறவுகோல் அப்பொறிப்போவியங்களிலேயே உளது எனக் கருதுகின்றோம். அக்கருத்திற்குரிய சான்றுகளை அவருடைய வாழ்க்கை வரலாற்றோடு இயைத்துக் காண்பாம்.

பிறப்பும் இளமையும்

உருசிய நாட்டின் கிழக்குப் பகுதியில், காமா என்னும் பேராற்றின் கரையில் அமைந்தது யெலாபுகா என்னும் சிறு நகரம். அக்காலத்தில் அது வியாத்கா மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. இன்று தத்தார்ஸ்தானில் உள்ளது. அந்நகரில் 1832ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு வணிகர் குடும்பத்தில் ஷிஷ்கின் பிறந்தார். தந்தையார் இவான் வசீலியெவிச் வணிகராயினும் வாணிகத்தினும் கல்வியில் மிகுந்த ஈடுபாடு உடையவர். தம் நகரத்தின் வரலாற்றை எழுதி 1871இல் நூலாக வெளியிட்டார். காமா ஆற்றங்கரையில் அனானினோ என்னும் இடத்திலுள்ள பண்டைய இடுகாட்டை 1858இல் அலாபின் என்பாரோடு அகழ்ந்து ஆராய்ந்தார். ஆற்றங்கரைக் குன்றின்மேல் சிதைந்து நின்ற பழங்கோபுரத்தைச் செப்பனிட்டுக் காத்தவரும் இவரே. பொருள்களைக் கூர்ந்து நோக்குதல், கண்டதைத் திருத்தமாகக் குறித்து வைத்தல், அழிவதைக் காத்தல் என்னும் இவருடைய இயல்புகள் மைந்தர்பாலும் அமைந்தன எனலாம்.

யெலாபுகாவைச் சூழ்ந்த நிலம் காட்டு வளம் மிக்கது. அங்குள்ள பைன் மரங்கள் கிளையின்றி நெடிதோங்கி வளர்வன. கப்பற் பாய்மரத்திற்கு உரியனவாகக் கருதப்பட்டமையின் அவை செறிந்த காடு ‘கப்பற் காடு’ எனப்பட்டது. இக்காடுகளே ஷிஷ்கினின் முதற் பள்ளி. கசான் நகரத்து உயர்நிலைப் பள்ளிக்கு அவர் அனுப்பப்பெற்றார். ஆயினும் கல்வியை முற்றுவியாது 1848இல் ஊர் திரும்பினார். அலுவலர் ஆதற்கும் வணிகர் ஆதற்கும் மனங்கொள்ளாது சில ஆண்டுகள் வீட்டிலிருந்தே படம் வரைந்து பழகினார்.

கல்வியும் அயல்நாட்டு வாழ்க்கையும்

1852இல் ஷிஷ்கின் மாஸ்கோ நகரத்து ஓவிய சிற்பப் பள்ளியிற் சேர்ந்தார். அப்பல்லோன் மொக்ரித்ஸ்கி என்பார் அவருக்கு ஆசிரியராயினார். இயற்கையை நேரே நோக்கி வரைதலையே ஓவியப் பயிற்சியின் அடிப்படையாகக் கொள்ளும் உறுதி இப்பள்ளியில் அவர்க்கு உண்டாயிற்று. 1856இல் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் பேரரசுக் கலைக் கழகத்திற் சேர்ந்து 1860 வரை பயின்றார். லதோகா ஏரியிலுள்ள வாலாம் தீவு, பாறையும் பைன் மரமும் நீரும் நெருங்கிய இடம். கோடைதோறும் அங்குச் சென்று வரைந்த ஓவியங்களுக்காக 1860இல் கழகத்தின் பெரும் பொற்பதக்கத்தையும், அரசுச் செலவில் அயல்நாடு சென்று பயிலும் உரிமையையும் பெற்றார்.

1862 முதல் 1865 வரை செருமனியிலும் சுவிட்சர்லாந்திலும் அவர் வாழ்ந்தார். ம்யூனிக்கில் ஓவியர் பலருடைய பணிகளைக் கண்டார். சூரிக் நகரில் விலங்கோவியராகிய ருடால்ஃப் கோலரிடம் சிறிது காலம் பயின்றார். டுசல்டார்ஃப் நகரில் தங்கி டுட்டோபர்க் காட்டில் வரைந்தார். நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்திகள் இக்காலத்தில் இரண்டு உள. அமிலங்கொண்டு உலோகத்திற் பொறிக்கும் முறையை ஷிஷ்கின் முதன்முதலாகச் செய்து பார்த்தது சூரிக் நகரிலாகும் என்பது ஒன்று. டுசல்டார்ஃபில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை வண்ண ஓவியங்களினும் பேனாவும் மையும் கொண்டு வரைந்த கோட்டோவியங்களே என்பது மற்றொன்று. அவை அந்நகரக் காட்சியகத்தில் ஐரோப்பிய முதல்தர ஓவியர் தம் வரைபடங்களோடு ஒருங்கு வைக்கப்பெற்றன. அயல்நாட்டார் அவரை முதலிற் போற்றியது கோட்டின் திறத்திற்காகவே என்பது இதனால் தெளிவாம்.

எனினும், அயல்நாட்டுக் காடு அவருள்ளத்தை நிறைக்கவில்லை. உரிய காலம் முடியுமுன்னரே நாடு திரும்ப இசைவு வேண்டிப் பெற்று 1865இல் உருசியாவை அடைந்தார். ‘டுசல்டார்ஃப் நகர்ப்புறக் காட்சி’ என்னும் ஓவியத்திற்காக அவ்வாண்டே கலைக் கழகம் அவருக்குக் கழக உறுப்பினர் என்னும் சிறப்புப் பட்டத்தை வழங்கியது.

காடே பொருளாதல்

அக்காலத்துக் கலைக் கழகங்கள் ஓவியப் பொருள்களைத் தரம் பிரித்து, சமய வரலாற்றையும் பண்டைய வீரர் வரலாற்றையும் தலையாயவையாகக் கொண்டன. இயற்கைக் காட்சி அவற்றுக்குப் பின்புலமாக நிற்பதற்கே உரியது எனக் கருதின. இயற்கைக் காட்சியைத் தனியே எழுதுவோரும் இத்தாலிய நாட்டுக் குன்றையும் கடலையும் பழங்கோயிலின் இடிபாட்டையும் எழுதினரேயன்றித் தம் நாட்டுச் சேற்று வழியையும் பைன் காட்டையும் எழுதத்தக்கனவாக எண்ணினாரல்லர். முதல், கரு, உரி எனப் பொருளைப் பகுத்துணரும் இலக்கணம் பயின்ற நம்மனோர், உரிப்பொருளின்றி முதலும் கருவும் தாமே ஒரு பனுவலாதல் கூடுமோ என வினவுவர். ஷிஷ்கின் தம் வாழ்நாள் முழுவதும் விடை கண்டது இவ்வினாவிற்கே. மாந்தர் செயல் ஏதுமின்றிக் காடு ஒன்றையே பொருளாக்கி, காண்பார் உள்ளத்தில் பெருமிதமும் அமைதியும் தோற்றுவித்தல் இயலும் என அவர் காட்டினார்.

இம்முயற்சியில் அவர் தனித்து நிற்கவில்லை. 1870இல் கிராம்ஸ்கோய் முதலிய ஓவியர்கள் கூடி ‘பயணக் கலைக்காட்சிக் கழகம்’ ஒன்றை நிறுவினர். தலைநகரத்துச் செல்வர்க்கு மட்டும் உரியதாயிருந்த ஓவியத்தை ஊர்தொறும் கொண்டு சென்று காட்டுதல் அதன் நோக்கம். 1871இல் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கிய முதற் காட்சி பின்னர் மாஸ்கோ, கீவ், கார்கவ் என்னும் நகரங்களுக்கும் சென்றது. இக்கழகத்தை நிறுவியோருள் ஷிஷ்கினும் ஒருவர். 1872இல் அவர் எழுதிய ‘பைன் காடு: வியாத்கா மாநிலத்துப் பாய்மரக் காடு’ என்னும் ஓவியம் போட்டியில் முதற் பரிசு பெற்றது, கலைப்பொருள் தொகுத்தவராகிய மாஸ்கோ வணிகர் பாவெல் திரெத்தியாகவ் அதனை வாங்கினார். ‘காட்டின் உட்பகுதி’ என்னும் ஓவியத்திற்காக 1873இல் பேராசிரியர் பட்டம் அவருக்கு அளிக்கப்பெற்றது.

கிராம்ஸ்கோய் ஷிஷ்கினின் நெருங்கிய நண்பர். அவரைப் புகழ்ந்தும் குறை கண்டும் எழுதியவர். தம் காலத்து இயற்கைக் காட்சி ஓவியருள் இயற்கையை அறிவியலார் அறியுமாறு அறிந்தவர் ஷிஷ்கின் ஒருவரே என்றும், அவர் தனி மனிதராயினும் ஒரு பள்ளிக்கு நிகர் என்றும் அவர் கருதினார். வண்ணத்தில் அவ்வலிமை அவர்பால் இல்லை என்பதையும் மறைத்தாரல்லர். பின்னர் எழுந்த திறனாய்வுகள் பலவற்றுக்கும் இக்கருத்துகளே மூலம் எனலாம். ‘அறிவு உண்டு, வண்ணம் குறைவு’ என்னும் இத்தீர்ப்பைப் பிற்காலத்தார், ‘அறிவு உண்டு, உணர்வு குறைவு’ எனத் திரித்துக் கொண்டனர். வண்ணமும் உணர்வும் ஒன்றெனக் கொண்டமையால் நேர்ந்த பிழை இது. வண்ணமே இல்லாத ஒரு கலையில் ஷிஷ்கின் செய்தது யாது என நோக்கின் இப்பிழை புலனாகும்.

அமிலப் பொறிப்பின் முறை

பொறிப்பு முறையை அறியாக்கால் அதன்கண் ஓவியர் காட்டிய திறமும் விளங்காது. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். நன்கு மெருகிட்ட செப்புத் தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று இடப்படும். புகையூட்டி அப்பூச்சைக் கருமையாக்குவர். பின்னர்க் கலைஞர் கூரிய ஊசியால் பூச்சின்மேல் வரைவார். ஊசி சென்ற வழியெல்லாம் செம்பு வெளிப்படும். அத்தகட்டை அமிலத்தில் இட்டால் பூச்சுள்ள இடம் காக்கப்பட, வெளிப்பட்ட கோடுகள் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். பூச்சை நீக்கி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பிலுள்ள மையைத் துடைத்து, ஈரத்தாளை வைத்துப் பொறியில் அழுத்தின் படம் தாளில் பதியும். தகட்டில் வலமாக வரைந்தது தாளில் இடமாகத் தோன்றும்.

இம்முறையில் கருமையும் மென்மையும் கையழுத்தத்தால் உண்டாவன அல்ல. அமிலத்தில் தகடு கிடக்கும் கால அளவால் உண்டாவன. சிறிது நேரம் அரித்தபின் தகட்டை வெளியிலெடுத்து, தொலைவிலுள்ள மரங்களுக்குரிய மெல்லிய கோடுகளை அரக்குப் பூசி மறைத்து, மீண்டும் அமிலத்தில் இடுவர். இடைநிலத்துக் கோடுகள் ஆழமானபின் அவற்றையும் மறைத்து, முன்னிலத்துக் கோடுகளை மட்டும் மேலும் அரிக்க விடுவர். எனவே, எது அருகிலுள்ளது, எது தொலைவிலுள்ளது, ஒளி எங்கே விழுகின்றது என்பவற்றைக் கலைஞர் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். கித்தானில் தவறிய வண்ணத்தின்மேல் வேறு வண்ணம் பூசித் திருத்தலாம். தகட்டில் மிகையாக அரிக்கப்பட்டதை மீட்டல் மிக அரிது. காணும் அனைத்தையும் எழுதுவேன் என்பார்க்கு இக்கலை இடந்தராது. தாளின் வெண்மையே ஒளியாதலால், எழுதாது விடும் இடத்தை அறிதலே இதன்கண் தலையாய திறமாகும்.

இக்கலைக்குப் பயன்படும் நைட்ரிக் அமிலத்திற்கு ‘வலிய நீர்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் ஒன்று உண்டு. அதனை அடியாகக் கொண்டே இக்கலைஞர் ‘அக்வாஃபோர்ட்டிஸ்டுகள்’ எனப்பட்டனர். 1871இல் பீட்டர்ஸ்பர்க்கில் உருசிய அக்வாஃபோர்ட்டிஸ்டுகள் கழகம் தோன்றியது. அதற்கு முன்னரே 1868 அளவில் பேனாவாற் கல்லில் வரைந்து அச்சிட்ட இயற்கைக் காட்சித் தொகுப்பொன்றை ஷிஷ்கின் வெளியிட்டிருந்தார். கழகம் தோன்றியபின் சூரிக்கிற் கற்றதை மீண்டும் கைக்கொண்டு, ஏறத்தாழத் தம் இறுதிக்காலம் வரை அதனை விடாது பயின்றார்.

பொறிப்போவியங்களின் சிறப்பு

ஷிஷ்கினின் பொறிப்போவியங்களை நோக்குவார்க்கு முதற்கண் புலனாவது ஒவ்வொரு மரத்திற்கும் அவர் கண்ட தனித்தனிக் கோட்டு முறையாகும். பைன் மரத்துப் பட்டை செதில் செதிலாகக் காணப்படுவது. அதற்குக் குறுகிய வளைகோடுகளைக் கையாண்டார். ஓக் மரத்தின் தழை திரள் திரளாக அமைவது. அதற்குச் சுழன்று செல்லும் கோடுகளைக் கொண்டார். பிர்ச் மரத்தின் தண்டு வெண்மையானது. அதனைப் பெரிதும் எழுதாது விட்டு, சூழ்ந்த நிழலால் அதன் வடிவைத் தோற்றுவித்தார். வண்ணத்தின் துணையின்றி மரத்தின் இனம் விளங்குமாறு செய்தல் மரநூல் அறிவு ஒன்றனால் மட்டும் கைகூடாது. ஓர் உருவத்தின் எண்ணிறந்த கூறுகளுள் எக்கூறு அதனை அதுவாக்குகின்றது எனத் தேர்ந்து கொள்ளும் ஆற்றலும் அதற்கு வேண்டும். நிழற்படக் கருவிக்கு இத்தேர்வு இல்லை.

இரண்டாவதாகக் கருதத்தக்கது, அவர் ஒரு தகட்டையே பன்முறை திருத்திய திறம். முதற்படி அச்சிட்டுப் பார்த்து, கோடுகளைச் சேர்த்தும் சுரண்டி நீக்கியும் மீண்டும் அரித்தும் அச்சிடுவார். ஒரே காட்சியின் பல நிலைப் படிகளை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, வானம் இருண்டும் வெளுத்தும், காட்டின் உட்பகுதி நெருங்கியும் விலகியும் வருதலைக் காணலாம். அச்சிடுதலைப் பிறரிடம் விடாது தாமே செய்வதிலும் அவர் வல்லவர். தகட்டின்மீது மையைச் சிறிது விட்டுத் துடைத்தால் அந்திப் பொழுதும், முற்றத் துடைத்தால் நண்பகலும் தோன்றும். வண்ணத்தில் குறையுடையவர் எனப்பட்டவர், கருமை ஒன்றனுள் காலத்தின் வேறுபாட்டைக் காட்டினமை ஈண்டு நினைக்கத்தக்கது.

மூன்றாவது, இப்பணியில் அவர்க்கிருந்த பொதுநல நோக்கம். ஒரு வண்ண ஓவியம் ஒருவர் மாளிகையிலேயே தங்கும்; ஒரு தகடோ பல படிகளைத் தரும். ஷிஷ்கின் இன்னும் ஒருபடி மேற்சென்று, கோடுகள் பள்ளமாகாது மேடாக நிற்குமாறு அமிலத்தைப் பயன்படுத்தும் முறையையும் செய்து பார்த்தார். அவ்வாறு அமைந்த தகட்டை அச்செழுத்துகளோடு சேர்த்து ஒரே பொறியில் அச்சிடலாம். ஆதலின் செலவு குறையும். இதழ்களிலும் நூல்களிலும் படம் எளிதில் இடம்பெறும். பயணக் கலைக்காட்சிக் கழகம் ஓவியங்களை ஊர்தொறும் கொண்டு சென்றது; பொறிப்போவியமோ அவற்றை வீட்டிற்கே கொண்டு செல்லவல்லது. இவ்விரு முயற்சிக்கும் நோக்கம் ஒன்றே எனக் கொள்வதில் இழுக்கில்லை.

இப்பணியின் நிறைவாக 1894இல் மார்க்ஸ் என்னும் பீட்டர்ஸ்பர்க் பதிப்பாளர் ஷிஷ்கினின் 60 பொறிப்போவியங்களை ஒரு பெருந்தொகுப்பாக வெளியிட்டார். 1870 முதல் 1892 வரை அவர் செய்த பொறிப்புப் பணியின் முழுமையை அத்தொகுப்பிற் காணலாம். இயற்கைக் காட்சியை அமிலப் பொறிப்பில் இத்துணை விரிவாகக் கையாண்ட உருசியர் அவர் காலத்தில் வேறொருவர் இலர்.

துன்பமும் பணியும்

ஷிஷ்கினின் ஓவியங்களில் காணும் உறுதியையும் அமைதியையும் நோக்குவோர் அவர் வாழ்வும் அத்தகையதே என எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. 1868இல் அவர், இளம் ஓவியராகிய ஃபியோதர் வசீலியெவின் தமக்கையாரை மணந்தார். 1872இல் தந்தையார் இறந்தார். ஷிஷ்கினிடம் பயின்று அவரினும் மென்மையான வண்ண உணர்வுடையவராய் வளர்ந்த வசீலியெவ், 1873இல் தம் 23ஆம் வயதில் என்புருக்கி நோயால் இறந்தார். 1874இல் மனைவியார் மறைந்தார். ஆண்மக்கள் இருவரையும் அவர் இழந்தார். இத்துன்பங்களால் தளர்ந்த ஷிஷ்கின் சிறிது காலம் மதுவிற்கு ஆட்பட்டுப் பணியையும் நெகிழவிட்டார். அந்நிலையினின்றும் அவரை மீட்டது அவருடைய உழைப்பேயாகும்.

1877இல் தம் பிறந்த ஊர்க்குச் சென்று வந்த அவர், மறு ஆண்டில் ‘ரை வயல்’ என்னும் பேரோவியத்தை முடித்தார். முற்றிய பொன்னிறக் கதிர்களிடையே வழி ஒன்று செல்ல, நெடிய பைன் மரங்கள் காவலர்போல் நிற்கும் காட்சி அது. அம்மரங்களுள் ஒன்று பட்டுப்போய்க் கிளைகள் வற்றி நிற்கின்றது. விளைவின் நடுவே இறந்த மரத்தை எழுதியதன் கருத்தை அவர் யாண்டும் விளக்கினாரல்லர். அவர் இழப்புகளை அறிந்தார்க்கு விளக்கம் வேண்டுவதுமில்லை.

1880இல் தம் மாணவியும் ஓவியருமாகிய ஓல்கா லகோதா என்பாரை மணந்தார். அவரும் பெண்மகவு ஒன்றைப் பெற்றுச் சின்னாளில் 1881இல் இறந்தார். அவர் வரைந்த படங்களைத் தொகுத்து 1887இல் ஷிஷ்கின் வெளியிட்டார். மறைந்தவர்க்கு அவர் எழுப்பிய நினைவுச் சின்னம் அச்சிட்ட ஒரு தொகுப்பு என்பது, அச்சுக் கலையை அவர் எவ்வளவு உயர்வாகக் கருதினார் என்பதற்கும் சான்றாகும். இதன்பின் எழுந்தவையே ‘சமவெளியின் நடுவே’ (1883), ‘ஓக் தோப்பு’ (1887) முதலிய ஓவியங்கள். முதலாவது ஓவியத்தில் பரந்த நிலத்தின்கண் தனி ஓக் மரம் ஒன்றே நிற்கின்றது. லெர்மந்தவ் மறைந்த ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 1891இல் வெளிவந்த அவருடைய நூற்பதிப்பிற்காக எழுதிய ‘காட்டு வடபுலத்தில்’ என்பதில், பனி சுமந்த பைன் மரம் ஒன்று பாறை முகட்டில் தனித்து நிற்கின்றது. நிலவொளியும் நிழலும் அன்றி வேறு வண்ணம் மிகுதியும் இல்லாத அவ்வோவியம், பொறிப்புத் தகட்டின் முறையைக் கித்தானில் கையாண்டதாகவே யாம் கருதுகின்றோம்.

இரு குற்றச்சாட்டுகள்

இனி, தொடக்கத்திற் கூறிய குற்றச்சாட்டுகளை நேரே நோக்குவாம். நிழற்படத்தைப் போன்று எழுதினார் என்பது முதலாவது. இதற்குச் சான்றாக அவருடைய கற்பிக்கும் முறையைக் காட்டுவர். 1894இல் சீர்திருத்தப்பெற்ற கலைக் கழகத்தில் இயற்கைக் காட்சி ஓவியத்திற்கு ஆசிரியராகச் சேர்ந்த ஷிஷ்கின், வெளியிற் சென்று வரைதல் இயலாத குளிர்காலத்தில் நிழற்படங்களைப் பெருக்கி நோக்கி வரையுமாறு மாணவர்க்குக் கூறியது உண்மையே. ஆயின் அதற்கு அவர் கூறிய காரணத்தையும் உடன் கருதல் வேண்டும். ஆற்றல் இல்லாதவன் நிழற்படத்திலுள்ள வேண்டாத கூறுகள் அனைத்தையும் அடிமைபோற் படியெடுப்பான் என்றும், நுண்ணுணர்வு உடையவன் தனக்கு வேண்டுவதை மட்டும் எடுத்துக்கொள்வான் என்றும், ஆதலின் நிழற்படம் மாணவன் திறத்தை அளக்கும் கருவி என்றும் அவர் கருதினார். படியெடுத்தலைக் கண்டித்தவரையே படியெடுத்தவர் எனக் கூறுதல் பொருந்துமா என்பது சிந்தித்தற்குரியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தகட்டின்முன் அமர்ந்து, எதை விடுவது என முடிவு செய்து பழகிய ஒருவர் கூறக்கூடிய கருத்தே இது.

வண்ணத்தில் குறையுடையவர் என்பது இரண்டாவது. இதனை முற்றும் மறுத்தல் யாம் கருதியதன்று. அவருடைய சில ஓவியங்களில் பசுமை ஒருபடித்தாய் இருத்தலும், காற்றின் அசைவு குறைந்திருத்தலும் உண்மையே. ஆயின் அவர் கித்தானிலும் முதலில் கண்டது கோட்டையும் ஒளியிருளின் பகுப்பையுமே. வண்ணம் அப்பகுப்பிற்குத் துணையாய் வருவது. இதனை அவருடைய இயல்பு எனலாமேயன்றி இயலாமை எனல் பொருந்தாது. ‘பைன் காட்டில் காலைப் பொழுது’ என்னும் ஓவியத்தையே இவ்வாறு நோக்குக. முன்னிலத்தில் முறிந்த மரம் கருமையாகவும் கூர்மையாகவும், இடைநிலத்து மரங்கள் தெளிவு குறைந்தும், அப்பாலுள்ளவை மூடுபனியில் வெளிறியும் மூன்று நிலைகளாக அமைந்துள்ளன. அமிலத்தில் மும்முறை இட்டெடுத்த தகட்டின் அமைப்பு இதுவே.

இவ்வோவியத்துக் கரடிகளை எழுதியவர் ஷிஷ்கினின் நண்பராகிய கான்ஸ்தந்தீன் சவித்ஸ்கி என்பது பலரும் அறிந்தது. இருவரும் கையெழுத்திட்டிருந்தனர். ஓவியத்தை 4,000 ரூபிளுக்கு வாங்கிய திரெத்தியாகவ், கருத்து முதல் செய்முறை வரை அனைத்தும் ஷிஷ்கினுக்கே உரியனவாய் விளங்குகின்றன எனக் கருதிச் சவித்ஸ்கியின் கையெழுத்தை நீக்கிவிட்டார். விலையில் நான்கில் ஒரு பங்கு சவித்ஸ்கிக்குக் கிடைத்தது. அவர் பெயரை நீக்கியது முறையன்று எனப் பின்னையோர் கூறுவதில் நீதியுண்டு. ஆயினும், மக்கள் விரும்பியது கரடிகளை. திரெத்தியாகவ் கண்டது காட்டை என்னும் வேறுபாடு நம் ஆராய்ச்சிக்குப் பயன்படுவது. கரடிகளால் வந்த புகழ் காட்டை எழுதியவரின் கலையை மறைத்தது. 1872ஆம் ஆண்டுப் ‘பைன் காடு’ ஓவியத்திலும் இரு கரடிகள் உள. தேன்கூடு கட்டிய மரத்தை அவை அண்ணாந்து நோக்கி நிற்கின்றன. ஆங்கே அவை காட்டின் ஒரு கூறாய்ச் சிறிதாக அடங்கியிருத்தலின் யாரும் அவ்வோவியத்தைக் கரடி ஓவியம் என வழங்குவதில்லை.

இறுதிப் பணி

1898இல் ஷிஷ்கின் ‘கப்பற் காடு’ என்னும் பேரோவியத்தைக் காட்சிக்கு வைத்தார். யெலாபுகாவை அடுத்த அஃபனாசவோக் காட்டைப் பொருளாகக் கொண்டது அது. இளமையிற் கண்ட அதே பைன் மரங்கள் ஓவியத்தின் மேல்விளிம்பையும் கடந்து நிற்கின்றன. அடியில் தெளிந்த ஓடை ஒன்று கற்களின்மீது ஆழமின்றி ஓடுகின்றது. மரத்தின் உச்சியைக் காட்டாது விட்டமையால் அதன் உயரம் காண்பார் கருத்தில் மேன்மேலும் வளர்கின்றது. எழுதாது விடுதலால் பொருளைப் பெருக்கும் இம்முறை, தாளின் வெண்மையை ஒளியாக்கிய கையிலிருந்தே பிறந்தது.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், உருசியப் பழைய நாட்காட்டியின்படி 8ஆம் நாள், பீட்டர்ஸ்பர்க்கில் தம் பணியறையில் புதிய காட்டோவியம் ஒன்றைத் தொடங்கிக் கித்தானின்முன் அமர்ந்திருந்த நிலையிலேயே ஷிஷ்கின் உயிர் நீத்தார். அல்தாய் நாட்டு மாணவராகிய கிரிகோரி குர்க்கின் அப்பொழுது உடனிருந்தார். ஸ்மொலென்ஸ்க் இடுகாட்டில் அடக்கஞ்செய்யப்பெற்ற அவருடைய உடல், 1950இல் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்தைச் சார்ந்த திக்வின் இடுகாட்டிற்கு மாற்றப்பெற்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: ஷிஷ்கினின் ஓவிய வாழ்வில் கோடே முதன்மையுடையது, டுசல்டார்ஃபின் கோட்டோவியங்களும், 1870க்குப் பின் வந்த பொறிப்போவியங்களும், அவற்றின் முறையைத் தழுவிய வண்ண ஓவியங்களும் ஒரே நெறியின் வளர்ச்சியாகும். தேர்ந்து கொள்ளுதலே உயிராகவுடைய ஒரு கலையில் முதன்மை பெற்றவரைத் தேர்வின்றிப் படியெடுத்தவர் எனல் ஒவ்வாது. அறிவு மிகுந்த இடத்தில் உணர்வு குறையும் என்னும் எண்ணமும் அவர் பணியின்முன் நில்லாது. ஒரு மரத்தின் பட்டையும் தழையும் எவ்வாறு அமைந்துள்ளன எனப் பல்லாண்டு முயன்று அறிதல், அம்மரத்தின்பால் உள்ள அன்பினாலன்றி இயலாது. ஆதலின் ஷிஷ்கினை ஆராயப் புகுவோர், யாவரும் அறிந்த வண்ண ஓவியங்களோடு அமையாது, 1894ஆம் ஆண்டுப் பொறிப்போவியத் தொகுப்பையும் உடன்வைத்து ஆராய்தல் கடன் என்பது எம் துணிபு.